ஏதோ நிக்கான்

நம்ம கூடப் படிச்சவங்க குரூப்புல இருக்க எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். காலையில எந்திரிச்சு போனத் தொறந்தா யாராவது ஒருத்தர் சாதிச்சிருக்கீங்க. ஒருத்தி மகன் நீச்சல் பழகிச் சாதிச்சுட்டான். இன்னொருத்தன் மகள் யூகேஜி முடிச்சு, கறுப்புத் தொப்பி மாட்டிக்கிட்டு 'சிகரம் தொட்டாள்'. பஸ் ஸ்டாண்டு முன்னால பேனர்ல ஒரு பெரிய மனுசன் பொறந்தநாள் கொண்டாடுதாரு, அதுக்கும் கீழ 'சாதனை நாயகன்'னு போட்டிருக்கு. பொறந்ததுல அவரு என்னத்தச் சாதிச்சாரு, வலியெல்லாம் அவுக அம்மாவுக்குல்ல? யாரும் கேக்க மாட்டோம். கைதட்டுத படம் மூணு போட்டுட்டுப் பல்லு தேய்க்கப் போயிருவோம்.

எனக்கு இதெல்லாம் பாத்தாக் குமட்டுது. முடி நரைச்சு முட்டி வலிக்க வயசுல எதையும் முழுங்கிட்டுப் போகணும்னு சொல்லுவீங்க. முழுங்கத்தான் செய்யுதேன். ஆனா இதுக்கு நேர் எதிரா ஒரு நோய் அப்ப நம்ம ஊர்ல இருந்துச்சு, அது இதவிடக் கேவலம். அது எங்க வீட்டுக்குள்ளயே இருந்துச்சு, மைக்கோட.

எங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுனாரு. வெளியூர்க்காரன் பேக்டரிம்பான், நமக்கு அது ஆபீஸ்தான். பகல் பூரா கணக்கு, மே மாசம் வந்துட்டாச் சாயங்காலம் மைக். ஹாக்கிப் போட்டி நடக்க அந்தப் பத்து இருபது நாளைக்கு ஊருக்கே அவரு குரல்தான். வேப்பமரத்துல கட்டுன கொழாய் ஸ்பீக்கர்ல அவரு 'அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே'ன்னு ஆரம்பிச்சா ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் கேக்கும்பாக. மைக்கு மேல மஞ்சக் கைக்குட்டை ஒண்ணு சுத்தியிருப்பாரு, எச்சி தெறிக்காம இருக்க. அந்தக் கைக்குட்டைய வீட்டுல யாரும் தொடக்கூடாது, அம்மாகூடத் துவைக்கக்கூடாது. அவரே துவைச்சு அவரே காயப்போடுவாரு. எங்க துணியத் துவைச்சு ஒரு நாளும் நான் பாத்ததில்ல.

அந்தக் கிரவுண்டு உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். கரிசல் மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும், அதுக்கு மேல சரளை போட்டு உருட்டியிருப்பாங்க. நாலு மணிக்கு லாரித் தண்ணி தெளிப்பாங்க. தெளிச்ச உடனே மண்ணுலேர்ந்து ஒரு ஆவி கெளம்பி மூஞ்சில அடிக்கும், கூடவே அந்த வாசம். கடலைமிட்டாய் வாங்கினாப் பாகு உருகிப் பேப்பரோட ஒட்டியிருக்கும், பேப்பரச் சுரண்டிச் சுரண்டித் திம்போம். பொம்பளையாளுக எல்லாம் மேற்குப் பக்கம், வெயிலு நேரா கண்ணுல விழுத பக்கம். பெரிய மனுசங்களுக்குக் கிழக்க பந்தல். அதுலயும் ஒரு நியாயம் வச்சிருந்தாங்க பாருங்க.

அப்பாகிட்ட வார்த்தைகளுக்கு ஒரு படிவரிசை இருந்துச்சு. பந்த நவுத்திக்கிட்டுப் போனா 'கடத்தினார்'. ஓங்கி அடிச்சா 'செலுத்தினார்'. கோல் விழுந்தா 'துளைத்தார்'. நல்ல கோலா இருந்தா 'தகர்த்தார்'. கடைசி நாளு கோப்பைய வாங்குத டீமுக்கு மட்டும் 'வாகை சூடினர்'. அத வருசத்துக்கு ஒரு தடவைதான் பட்டுவேட்டி மாதிரி வெளிய எடுப்பாரு. அரையிறுதிக்கு அதச் சொல்லச் சொல்லி கமிட்டிக்காரரு ஒருத்தரு கேட்டதுக்கு, "அதுக்குள்ள எதுக்குய்யா? பொறுங்க"ன்னு மொறைச்சுட்டாரு.

ஊருல ஒரு கூட்டம் இதுக்காகவே வீட்டுக்கு வரும். "அண்ணாச்சி, என் மச்சினன் மகன் பாலிடெக்னிக்ல சேந்திருக்கான். கல்யாண நோட்டீஸ்ல மாப்பிள்ளைத் தம்பின்னு அவன் பேரப் போடணும். 'பயில்கிறார்'னு போடவா, 'பயின்று வருகிறார்'னு போடவா?" அப்பா கண்ண மூடுவாரு. கிணத்துலேர்ந்து வாளி மேல வார அளவுக்கு நேரம் ஆகும். அப்புறம், "வருகிறார் போடு. அதுல ஒரு நடை இருக்கு"ம்பாரு. வந்தவன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போவான். நடையாம் நடை. அந்தப் பையன் ரெண்டாம் வருசத்தோட படிப்ப விட்டுட்டு லாரிக்குப் போயிட்டான்.

ஊரான் பிள்ளைக்கு இவ்வளவு யோசிச்ச மனுசன் பெத்த பிள்ளைக்கு வாயத் தொறக்க மாட்டாரு. அண்ணன் பத்தாங்கிளாஸ்ல கணக்குல நூத்துக்கு நூறு வாங்குனான். வாசல்ல நின்னு பக்கத்து வீட்டுக்காரரு விசாரிச்சாரு. அப்பா, "அது ஏதோ தேறிருச்சு"ன்னாரு. அவன்னுகூடச் சொல்லல, அது! ஆடு மாடு மாதிரி. நான் பேச்சுப் போட்டியில கப்பு வாங்கிட்டு வந்தேன். "வாய் நீளம், அதான் குடுத்திருக்கான்"னு பீரோ மேல தூக்கி வச்சுட்டாரு.

நியாயத்தச் சொல்லணும், இது அவரு ஒருத்தரு பழக்கமில்ல. நம்ம பக்கத்துல பெத்தவங்க தம் பிள்ளைய வெளியாளுக முன்னால மெச்ச மாட்டாங்க. கண்ணு பட்டுரும். பச்சப் பிள்ளை கொழுகொழுன்னு இருந்தா "எலும்பா இருக்கா"ம்பாங்க. கேக்குதவளும் சிரிச்சுக்கிட்டே "ஆமா ஆமா, எலும்புதான்"னு கன்னத்தக் கிள்ளிட்டுப் போவா. நம்ம ஊர்ல ஒரு அப்பன் "என் மகன் ஏதோ இருக்கான்"னு சொன்னா, அந்தப் பையன் தங்கம்னு அர்த்தம். இது எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்க்காரனுக்குத்தான் தெரியும், அதையும் சொல்லணும்.

அப்பா அதுக்கும் ஒரு படி மேல போனாரு. கண்ணு படக்கூடாதுங்கிறது சாக்குதான். அவருக்கு நடுநிலையாளர்னு ஒரு பேரு இருந்துச்சு, அதக் காப்பாத்தணும். "சொந்த மகன் கிரவுண்டுல நிக்கான், அந்த மனுசன் வாயில அவன் பேரு வருதா பாத்தியா?"ன்னு ஊரு வாயப் பொளந்துச்சு. ஊருக்கு எதப் பாத்தாலும் வாயப் பொளக்கணும். மைக்ல அண்ணன எப்பவும் 'கோல் கீப்பர்'னுதான் சொல்லுவாரு. மத்தவன் எல்லாருக்கும் பேரு உண்டு, ஊரு உண்டு, அப்பன் பேருகூட உண்டு. எங்க அண்ணன் மட்டும் கோல் கம்பம் மாதிரி ஒரு சாமான்.

அண்ணன் எப்பிடிப்பட்ட கோல் கீப்பர்னு பாத்தவங்களுக்குத் தெரியும். கால்ல கட்டுத பேடு விலைக்கு வாங்க முடியாம, பழைய கிரிக்கெட் பேடப் பிரிச்சு, மில்லுலேர்ந்து வெளிய போடுத கழிவுப் பஞ்ச அடைச்சு, அம்மாவே கோணி ஊசியால தச்சுக் குடுத்தா. ஒரு ஆட்டம் முடிஞ்சா அந்தப் பஞ்சு வேர்வைய உறிஞ்சிக் கல்லாட்டம் கனக்கும். மொட்டை மாடியில காயப்போடுவோம், வீடே எண்ணெயும் வேர்வையுமா நாறும். எனக்கு அந்த நாத்தம் புடிக்கும். அந்தப் பேடு அப்புறம் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல, கேட்டா அம்மா பேச்ச மாத்திருவா.

அந்த வருசம் அண்ணன் பிளஸ் டூ முடிச்சுட்டு வீட்டுல இருந்தான். மேல படிக்க வழியில்ல. மில்லு ஒண்ணுல அவங்க ஹாக்கி டீமுக்கு ஒரே ஒரு ஆளு எடுக்கப்போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. எடுத்தா நெரந்தர வேலை, காலையில ஷிப்டு, சாயங்காலம் ஆட்டம். அண்ணனுக்கு அத நெனச்சுச் சோறு எறங்கல. கெடைக்கலன்னா புதியம்புத்தூர்ல அம்மாவோட அண்ணன் வச்சிருந்த ரெடிமேடு யூனிட்டுக்குத் துணி வெட்டப் போகணும்னு முடிவாயிருந்துச்சு. துணி வெட்டுதது தப்பான வேலையில்ல. ஆனா அங்க போனா ஸ்டிக்கத் தொட முடியாது, ராத்திரியும் பகலும் மிஷினுதான்.

அம்மா அப்பாகிட்டச் சொன்னா: "மேனேஜரப் போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்களேன். உங்களத் தெரியாதவுக யாரு இருக்கா?"

"நான் போய்க் கேக்கவா? என்ன பேச்சுப் பேசுத? அவனுக்குத் தெறம இருந்தா அவனே வாங்கிக்கிடட்டும்."

"தெறம இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க."

அப்பா கைக்குட்டைய மடிச்சாரு.

மில்லு மேனேஜரு கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரரு, வந்து கொஞ்ச நாளுதான் ஆச்சு. கடைசி நாளு ஆட்டத்துக்கு அவருதான் சிறப்பு விருந்தினர். பந்தல்ல முன் வரிசையில ஒக்கார வச்சு, கழுத்துல ஒரு மாலை, கையில கலரு சோடா, முன்னால முந்திரி. அவரச் சுத்தி ஊருப் பெரிய மனுசங்க. ஒருத்தரு வலது காதுல பேசுதாரு, ஒருத்தரு இடது காதுல. அந்த மனுசன் ஆட்டத்த எங்க பாத்தாரு? அவருக்கு ஹாக்கியும் தெரியாது, கண்ணும் கிரவுண்டுல இல்ல. காதுல விழுந்தது எங்க அப்பா குரலு மட்டுந்தான். 'நடுநிலை தவறாத அறிவிப்பாளர்'னு வரவேற்புரையிலயே அவருக்குச் சொல்லி வச்சிருந்தாங்க.

ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து பந்து நம்ம பக்கம்தான் கெடந்துச்சு. எதிர் டீமு வெளி மாவட்டத்துலேர்ந்து வந்தவங்க, ஒவ்வொருத்தனும் பனைமரம் உயரம். அண்ணன் விழுந்து எந்திரிச்சு விழுந்து எந்திரிச்சு நிறுத்துனான். ஒரு பந்தக் கையால தட்டுனான், ஒண்ண நெஞ்சுல வாங்குனான். முழங்கை தோலு உரிஞ்சு ரத்தம் சரளையில சொட்டுச்சு. ஸ்பீக்கர்ல என்ன வந்துச்சு தெரியுமா? 'பந்து கோல் கீப்பரின் மீது பட்டுத் திரும்புகிறது.' அடுத்ததுக்கு, 'பந்து வெளியே செல்கிறது.' பந்துக்குக் கால் மொளைச்சு அதுவாப் போகுது!

அம்மா குடைய மடக்கித் தரையில குத்துனா. "ஏட்டி, கேட்டியா? பட்டுத் திரும்புதாம்ல! செவுத்துலயா பட்டுச்சு? புள்ளைக்கு ரத்தம் ஒழுகுது, இவருக்கு வாயில கொழுக்கட்டையா?"

அங்க இருந்தவுக எல்லாம் சிரிச்சாக. "விடுங்க மைனி, அண்ணாச்சி தன் பிள்ளைங்கிறதால அடக்கி வாசிக்காரு"ன்னு ஒருத்தி சொன்னா. அதான் சொல்லுதேனே, நம்ம ஊருக்கு அது புரியும்.

ரெண்டாம் பாதியில நம்ம டீமுப் பையன் ஒருத்தன், முன்னால ஆடுதவன், அவன் ஸ்டிக்ல எசகுபிசகாப் பட்டு ஒரு பந்து கோலுக்குள்ள போயிருச்சு. அவனே நம்பல, திரும்பிப் பாத்தான். நல்ல பையன், பாவம், அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா ஸ்பீக்கர்ல இடிமொழக்கம். 'புயலெனப் புகுந்து, அரணைத் தகர்த்து, கோவில்பட்டி மண்ணின் பெருமையை நிலைநாட்டுகிறார்!' அந்தப் பையன் பேரு, அவுக அப்பா பேரு, படிச்ச பள்ளிக்கூடம், எல்லாம் வந்துச்சு. பந்தல்ல மேனேஜரு கலர கீழ வச்சுட்டுத் தலைய நிமித்துனாரு.

முடிய ரெண்டு நிமிசம் இருக்கையில எதிர் டீமுக்குப் பெனால்டி. ஒருத்தன் அடிக்கணும், அண்ணன் மட்டும் தடுக்கணும், இடையில யாரும் கெடையாது. நான் அம்மா சேலைய வாயில கவ்விக்கிட்டேன். அடிச்சவன் எடது மேல் மூலைக்கு அடிச்சான், அண்ணன் கெடந்த கெடைக்கு எப்பிடிப் பறந்தான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது, பந்து அவன் கையில இருந்துச்சு. சனம் பூரா எந்திரிச்சுக் கத்துச்சு. ஸ்பீக்கர் தொண்டையச் செருமிக்கிட்டு, 'வாய்ப்பு வீணானது'ன்னுச்சு.

வாய்ப்பு வீணானது. இத்தன வருசம் ஆயிருச்சு, இன்னும் அது என் காதுல கேக்குது.

ஆட்டம் முடிஞ்சு, 'வாகை சூடினர்' எல்லாம் சொல்லி முடிச்சு, பரிசு குடுக்கதுக்கு மேசை போட்டாங்க. மேனேஜரு எந்திரிச்சு நேரா மைக்குப் பக்கம் போனாரு. என்னதான் இருந்தாலும் சனம் போட்ட கூச்சல் காதுல விழுந்திருக்கும்ல. மைக்க அணைக்கல. அதனால கிரவுண்டுல இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு.

"ஏனுங்க, அந்தக் கோல் கீப்பர் பையன் எப்படிங்க?"

"அவனா?" அப்பா குரல்ல ஒரு சிரிப்பு. "ஏதோ நிக்கான்."

"நல்லா ஆடுவானுங்களா?"

"என்னத்த ஆட? வேற எங்கனயும் நிக்க எடமில்லாம அங்கன போய் நிக்கான். பந்து வந்து அவன் மேல விழுது."

கிரவுண்டே கொல்லுன்னு சிரிச்சுச்சு. கேலியா இல்ல, பிரியமாச் சிரிச்சாங்க. மகன அப்பன் இப்பிடிக் கொஞ்சுதாரேன்னு. அண்ணன்கூட ஒரு முழங்கால மடக்கிப் பேடக் கழத்திக்கிட்டே லேசாச் சிரிச்சான், நான் பாத்தேன். மேனேஜரு மட்டும் சிரிக்கல. அவருக்கு இவரு அப்பான்னும் தெரியாது, நம்ம ஊருப் பேச்சும் தெரியாது.

"அப்படிங்களா. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். அந்தக் கோல் போட்ட பையன்?"

"அவரா! அவருக்கு நல்ல எதிர்காலம் இருக்கு, சார்."

அண்ணன் மூஞ்சில சிரிப்பு அப்பிடியே நின்னு போச்சு. மைக்க மறிச்சுக்கிட்டு 'சார், அது எம்மகன்'னு ஒரு வார்த்தை சொல்ல அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எச்சி முழுங்குத நேரம். சொல்லல. மேனேஜரு கோல் போட்ட பையனக் கூப்பிட்டுத் தோள்ல தட்டி, திங்கக்கிழமை மில்லுக்கு வரச் சொன்னாரு. அதே மேடையில கமிட்டிக்காரங்க அப்பாவுக்கு ஒரு சால்வை போத்துனாங்க. எதுக்கு? நடுநிலைக்கு.

கிரவுண்டு வாசல்ல தன் கடை முன்னால சைக்கிள் கடை பாய் நின்னாரு. அப்பாவோட பழக்கமானவரு. "என்ன அண்ணாச்சி, வெளியூர் மனுசன்கிட்டப் போய் இப்பிடிச் சொல்லிட்டீங்களே, அவரு நெசம்னுல்ல எடுத்துக்கிட்டாரு"ன்னாரு. அப்பா சால்வைய நேராக்கிக்கிட்டே, "அவருக்குப் புரியலன்னா நான் என்ன செய்யட்டும்?"னு கேட்டாரு. பாய் கடைக்குள்ள போயிட்டாரு.

அண்ணன் புதியம்புத்தூர் போனான். துணி வெட்டுனான், அப்புறம் அங்கயே சொந்தமா யூனிட் போட்டான், இப்ப நல்லாத்தான் இருக்கான். அந்த மில்லும் பின்னால மூடிட்டாங்க. அதனால எல்லாம் நல்லதுக்குத்தான்னு இங்க யாராவது எழுதுனீங்க, நான் குரூப்ப விட்டே போயிருவேன். ஸ்டிக்க அவன் அதுக்கப்புறம் தொடல. ஹாக்கி டிவியில வந்தா எந்திரிச்சு வெளிய போயிருவான். அப்பா செத்தப்ப ஊருல ஒட்டுன போஸ்டர்ல எல்லாம் நடுநிலை நடுநிலைன்னு போட்டிருந்துச்சு. எதையும் கிழிக்காம வீட்டுக்கு வந்தேன், அதுவே என் பெருந்தன்மை.

அன்னைக்கு நடந்தது மிச்சமிருக்கு, அதச் சொல்லிட்டு முடிச்சுக்கிடுதேன். வெளக்கு வச்ச நேரம். எல்லாரும் அடுப்படியில ஒக்காந்திருந்தோம். அம்மா சோத்தப் போட்டா. அண்ணன் முழங்கையில துணிக்கட்டு, எடது கையாலதான் தண்ணிச் செம்பத் தூக்கினான். சால்வை நாற்காலி மேல மடிச்சு இருந்துச்சு.

அம்மாதான் ஆரம்பிச்சா. "ஏங்க, அந்த மனுசன் உங்கள நம்பித்தான வந்து கேட்டாரு?"

"மைக்க வச்சுக்கிட்டு எம்மகன நானே தூக்கிப் பேசுனா, நாளைக்கு எவன் என்ன மதிப்பான்?"

அம்மா கரண்டியச் சட்டியில போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அப்பா சோத்தப் பெசஞ்சாரு, பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு, வாயில வைக்கல. அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு. மைக்குக் குரலு இல்ல, எங்களுக்கே பழக்கமில்லாத ஒரு குரலு.

"ஏலே, நானும் எத்தனையோ வருசமா அந்தக் கிரவுண்டுல இருக்கேன். இன்னைக்கு அந்தப் பெனால்டிய நீ புடிச்ச மாதிரி ஒருத்தன் புடிச்சு நான் பாத்ததில்ல. இன்னைக்கு ஜெயிச்சது நீதாம்லே. நீ ஒருத்தன்தான்."

அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு அந்த வயசுல ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு, அப்பா சொல்லிட்டாரேன்னு. அண்ணன் முகத்தப் பாத்தேன், அவனும் அழுவான்னு நெனச்சேன். அவன் அழல. செம்பக் கீழ வச்சான்.

"யாருக்குப்பா சொல்லுதீங்க?"ன்னான். "எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தெரியாத ஆளு ஒருத்தருதான் இருந்தாரு, அவரு உங்ககிட்ட வந்துதான் கேட்டாரு."